முதலில் விழுந்த பறவை

மணிக்கு நாலு வயது. கறுப்பு லாப்ரடார், பெட்டை. போன வருஷம் ஏ.கே.சி. (அமெரிக்கன் கென்னல் கிளப்) நடத்துகிற, விழுந்த பறவையை எடுத்துவரும் வேட்டைத் தேர்வுகளில் சீனியர் ஹன்ட்டர் பட்டம் வாங்கிவிட்டாள். அடுத்தது மாஸ்டர். சீனியர் பட்டம் உள்ள நாய் ஐந்து மாஸ்டர் தேர்வுகளில் தேற வேண்டும். இந்த வசந்தத்தில் முதல் தேர்வுக்குப் போகலாம் என்று ஏப்ரலில் நினைத்திருந்தேன். ஜூன் பிறந்துவிட்டது, இன்னும் போகவில்லை. ஏன் என்று எழுதி வைக்கிறேன்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வரி. பறவை விழுவதை நாய் தன் கண்ணால் பார்த்தால் அது மார்க். பார்க்காத பறவையை விசிலாலும் கையாலும் வழிகாட்டி எடுக்க வைத்தால் அது பிளைண்ட். மார்க்குக்கு நாயின் பெயரைச் சொல்லி அனுப்புவோம், பிளைண்டுக்கு 'பேக்' என்போம். இதில் ஒரு தமாஷ்: நான் "மணி!" என்று கத்தும்போதெல்லாம் இங்கே மினசோட்டாக்காரர்கள் காதில் அது பணமாகத்தான் விழுகிறது. ஊரில் பாதி நாய்களுக்கு இதுதான் பெயர் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

சீனியரில் இரண்டு பறவைகள். மாஸ்டரில் மூன்று அடுத்தடுத்து விழும், அதை டிரிபிள் என்போம். கடைசியாக விழுந்ததை நாய் முதலில் எடுக்கும், அது கண்ணிலேயே நிற்கும். முதலில் விழுந்தது கடைசியில்தான் வரும். அதற்குள் இரண்டு முறை ஓடி, தேடி, கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கும். நடுவில் மூன்று நான்கு நிமிஷம் போயிருக்கும். அத்தனைக்குப் பிறகும் அந்த முதல் இடம் தலையில் இருக்க வேண்டும்.

ஏப்ரல் நடுவில் ஆரம்பித்தோம். ஏரி இன்னும் கை வைக்க முடியாத குளிர், அதனால் புல்வெளிதான். இடதுபக்கம் 140 கெஜம், நடுவில் 60, வலதுபக்கம் 90. ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் நின்று, பறவைக்குப் பதிலாக பம்பர் என்கிற உருளையை எறிவார். இடதுபக்கத்தில்தான் முதலில் எறிந்தோம். மணி வலதை நேராகப் போய் எடுத்தாள். நடுவையும் எடுத்தாள். இடதுக்கு அனுப்பினேன். முப்பது கெஜம் நேராக ஓடி, வளைந்து, ஏற்கெனவே எடுத்து முடித்த நடு இடத்துக்கே போய் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தாள். விசில் ஊதி நிறுத்தி, கையைக் காட்டி இடதுக்குக் கொண்டுபோனேன். நோட்டில் 'ஞாபகம் போதவில்லை' என்று எழுதினேன்.

அங்கேதான் தப்பு. ஞாபகம் போதவில்லை என்றால் அதைப் பழக்க வேண்டும், பழக்க இன்னும் நிறைய டிரிபிள் எறிய வேண்டும் என்று கணக்குப் போட்டேன். மூன்று வாரம் எறிந்தோம். இடது பறவை நாளுக்கு நாள் மோசமானது. அதைவிடக் கெட்டது, மணி பாதி ஓட்டத்தில், நான் விசிலே ஊதாமல், தானாக நின்று திரும்பி என்னைப் பார்க்க ஆரம்பித்தாள். பாப்பிங் என்பார்கள். அவசரப்பட்டு விசில் ஊதி ஊதி, தேடுவதைவிடக் கேட்பது சுலபம் என்று நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

எங்கள் குழுவில் முப்பது வருஷமாக நாய் பழக்குகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். பேச்சு குறைவு. பறவையைப் படம் எடுக்காதே, நாயின் தலையைப் பக்கத்திலிருந்து எடு என்றார். போனில் எடுத்து வீட்டில் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். துப்பாக்கிச் சத்தம். இடது பம்பர் மேலே போகிறது. மணியின் கண் கூடவே போகிறது. அது கீழே இறங்கிப் பாதி வருவதற்குள் தலை நடுவில் நிற்கும் ஆளிடம் திரும்பிவிட்டது. அவருடைய வெள்ளைச் சட்டை அவளுக்குத் தெரியும், அடுத்து அங்கேதான் என்று தெரியும். தரையில் விழுந்ததை அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மூன்று வாரம் அவள் மறதியைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

மே முதல் வாரத்திலிருந்து டிரிபிளை நிறுத்தினேன். மூன்று பேரும் அதே இடத்தில் நிற்பார்கள், ஆனால் எறிவது ஒருவர் மட்டும். சில நாள் இடது, சில நாள் வலது. நடுவில் நிற்பவர் பல நாள் சும்மாவே நின்றுவிட்டுப் போனார், பாவம். பம்பர் விழுந்த பிறகும் மணியை விடமாட்டேன். அந்த இடத்தையே வெறித்துப் பார்க்கிறாளா என்று பார்த்து, மனதுக்குள் நாலு எண்ணி, அப்புறம்தான் பெயர் சொல்வேன். தொலைந்துபோனால் விசில் கிடையாது. எறிந்தவர் "ஹே ஹே" என்று குரல் கொடுப்பார், தேவைப்பட்டால் இன்னொன்று எறிவார். உதவி புல்வெளியிலிருந்து வந்தால் அவள் அங்கேயே தேடுவாள், என் பக்கம் திரும்ப மாட்டாள். பத்து நாளில் பாப்பிங் நின்றது.

ஒரு நாள் மணிக்குப் பக்கத்தில் மண்டியிட்டுப் பார்த்தேன். அவள் கண் தரையிலிருந்து இரண்டு அடிதான். நான் நின்றால் தெளிவாகத் தெரிகிற இடது இடம், அங்கிருந்து பார்த்தால் ஒரு சின்ன மேட்டுக்குப் பின்னால் போய்விடுகிறது. பம்பர் வானத்தில் இருக்கும்போது மட்டும்தான் தெரியும். அதுவும் மேகம் மூடிய வெளுத்த வானத்தில் வெள்ளைப் பம்பர்! அன்றிலிருந்து மேகம் இருந்தால் கறுப்பும் வெள்ளையும் கலந்த பம்பர். ஆரஞ்சுப் பம்பரை பிளைண்டுக்கு வைப்பதன் காரணமும் இதே கதைதான். நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, புல்லுக்குள் ஆரஞ்சு மங்கிப்போகும்.

காற்றையும் சொல்ல வேண்டும். நாங்கள் போகிற வெளியில் பெரும்பாலும் இடமிருந்து வலமாக அடிக்கும். நாய் காற்றோடு சாயும், அதாவது நடு இடத்தின் பக்கமாக. அங்கே முன்பு கிடந்த பம்பரின் வாசனை வேறு தரையில் இருக்கிறது. ஆக, போன இடத்துக்கே திரும்பிப் போனதில் மறதிக்குப் பங்கு கொஞ்சம்தான். மூக்கு இழுத்திருக்கிறது.

மே கடைசியில் இரண்டு, பிறகு மூன்று. அனுப்புமுன் அவசரப்படாமல் இருக்கத்தான் எனக்குப் பயிற்சி தேவைப்பட்டது. முதுகெலும்பும் மூக்கும் ஒரே கோட்டில் இடதைப் பார்க்கும்வரை வாயைத் திறப்பதில்லை. சில சமயம் அவள் நடுவைப் பார்ப்பாள். நான் ஒரு எட்டு பின்னால் வைத்தால் அவளும் திரும்பி மறுபடி உட்காருவாள், இடதைத் தேடுவாள். கண் ஓரிடத்தில் பூட்டிக்கொள்வது காதின் அசைவிலேயே தெரிந்துவிடும்.

போன சனிக்கிழமை அதே மூன்று இடம், நிஜ வாத்து. வலது, நடு, இரண்டும் சரி. இடதுக்கு அனுப்பினேன். காற்றை எதிர்த்துக் கோடு பிசகாமல் போனாள். பறவைக்குப் பத்து கெஜம் வலதுபக்கமாக மேட்டைத் தாண்டி மறைந்தாள். கையில் விசில், வாயில் வைக்கவில்லை. சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றியிருக்கிறாள், எறிந்தவர் பிறகு சொன்னார். அரை நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். வாத்தோடு மேட்டில் ஏறி வந்தாள். நேராகப் பறவை மேலேயே போய் நின்றால்தான் சுத்தமான மார்க். ஆனாலும் விழுந்த வட்டாரத்தை விட்டு வெளியே போகவே இல்லை. நோட்டில் எழுதிக்கொண்டேன், பெரியவர் தலையாட்டினார்.

அடுத்த ஐந்து நிமிஷத்தில் ஹானர். இன்னொரு நாய் வேலை செய்யும்போது, கழுத்துப்பட்டையும் கயிறும் இல்லாமல், பக்கத்தில் அசையாமல் உட்கார வேண்டும். மணி முனகினாள், பிட்டத்தைத் தேய்த்துத் தேய்த்து இரண்டடி முன்னால் நகர்ந்துவிட்டாள். நாளை சாயங்காலம் அடுத்தவர் நாய்தான் ஓடும். நாங்கள் இருவரும் பார்க்க மட்டும் போகிறோம், நான் உட்கார வாளியை இப்போதே வண்டியில் ஏற்றியாகிவிட்டது.