சாட்டை சுற்றிய பம்பரமும் யேட்ஸின் முதல் வரியும்

ஐரிஷ் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸின் ‘இரண்டாம் வருகை’ (The Second Coming) கவிதையைத் தமிழில் எழுதிப் பார்க்கும் முயற்சியில், பதினொரு மாதங்களாக வழிவிடாமல் நின்ற முதல் வரி சென்ற ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிடைத்துவிட்டது. மொத்தம் 22 வரிகளே உள்ள கவிதை அது. நடுவில் உள்ள வரிகள் ஓரளவு நிலைபெற்ற பிறகும் முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் எந்தச் சொல்லுக்கும் இணங்கவில்லை. அவற்றில் ஒன்று இப்போது கைக்கு வந்திருக்கிறது என்பதால், வந்த வழி மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன்.

சிக்கல் முழுவதும் ‘கைர்’ (gyre) என்ற ஒரே சொல்லில் இருந்தது. வல்லூறு ஒன்று வானில் அகன்றுகொண்டே சுற்றிப் பறக்கும் பாதைக்கு யேட்ஸ் முதல் வரியில் வைத்த பெயர் அது. என் நோட்டில் முதல் ஐந்து வடிவங்களிலும் அதற்குச் ‘சுழல்’ என்றே எழுதியிருக்கிறேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது வரிக்கு வரும்போதெல்லாம் கவிதை தன்னையே மறுப்பதுபோல் ஓர் உறுத்தல் ஏற்பட்டது. காரணம் பிடிபடப் பல வாரங்கள் ஆயின. சுழல் என்றதும் தமிழ்க் காதுக்கு ஆற்றுச் சுழியே நினைவுக்கு வருகிறது. சுழி தன்னிடம் அகப்பட்டதை நடுவை நோக்கி இழுத்துக் கீழே அமிழ்த்துவது. யேட்ஸ் காட்டும் இயக்கமோ அதற்கு நேர்மாறானது: ஒவ்வொரு சுற்றிலும் நடுவைவிட்டு விலகிப் போவது, விலகலின் அளவுக்கே கட்டுத் தளர்வது. முதல் வரியில் நடுவை நோக்கி இழுக்கும் சொல் ஒன்றை வைத்துவிட்டு, மூன்றாவது வரியில் நடு நிற்கவில்லை என்று எழுதினால் படிப்பவர் எப்படி நம்புவார்? ‘வட்டம்’ தட்டையாகக் கிடந்தது. ‘திருகு’ வடிவத்தில் சரியாக இருந்தாலும் பறவை பறக்கும் வானத்தில் இரும்புச் சாமானைக் கொண்டுவந்து நிறுத்தியது.

இந்தச் சொல்லின் வடிவக் கணக்கை யேட்ஸே தம் குறிப்புகளிலும், 1925இல் வெளிவந்த ‘ஒரு தரிசனம்’ என்ற நூலிலும் விளக்கியிருக்கிறார். இரண்டு கூம்புகள் ஒன்றுக்குள் ஒன்று எதிரெதிராகச் செருகிக் கிடக்கின்றன. ஒன்றின் முனை மற்றதன் அகன்ற வாயில் இருக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளில் ஒரு நாகரிகம் முனையிலிருந்து தொடங்கி அகன்று அகன்று விளிம்பை எட்டும்போது, அதற்கு எதிரான மற்றொன்று அங்கேயே முனைகொள்கிறது. இதைப் பலமுறை படித்தும் படம் என் மனத்தில் ஒட்டவில்லை.

ஒட்டவைத்தவன் என் தம்பி மகன். புதூரில் அவர்கள் வீட்டு வாசலில் புதுப் பம்பரத்துக்குச் சாட்டை சுற்றிக்கொண்டிருந்தவனிடமிருந்து அதை வாங்கி நான் சுற்றிப் பார்த்தேன். நடுவயிற்றில் தொடங்கிய என் சாட்டை நழுவிக்கொண்டே இருந்தது. “பெரியப்பா, ஆணியில இருந்து ஆரம்பிச்சு நெருக்கமா மேல கொண்டு வாங்க, அப்பத்தான் நிக்கும்” என்றான். அவன் சொன்னபடி ஆணியிலிருந்து சுற்றத் தொடங்கியதும், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைவிட அகலமாகி மேலேறி வருவதைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யேட்ஸின் கூம்பு என் கையில் இருந்தது. அதைவிட முக்கியமானது, அதற்குரிய சொல்லும் அங்கேயே இருந்தது: சுற்று. எனக்குத் தேவைப்பட்டது பெயர்ச்சொல்லே அன்று. எண்ணிக்கொண்டே அகலும் ஒரு வினைதான். அன்று இரவே எழுதிய வடிவம் இது:

சுற்றுக்குச் சுற்று அகன்று சுற்றிச் சுற்றிப் போகும்
வல்லூற்றின் காதில் பழக்கியவன் குரல் விழவில்லை;
கட்டுக் கழல்கிறது எல்லாம், நடு நிற்கவில்லை.

‘பழக்கியவன்’ பற்றியும் சொல்ல வேண்டும். வல்லூற்றைக் கையில் ஏந்தி வேட்டைக்கு விடும் தொழிலுக்கு நம் பக்கத்துப் பேச்சில் பெயர் கிடையாது. ‘வேட்டைப் பறவை பயிற்றுநர்’ என்று எழுதினால் அரசாணை வாசகம்போல் ஆகிவிடுகிறது. ஆனால் மதுரையின் மொட்டைமாடிகளில் புறா வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். மேலே போன கூட்டத்தைச் சீழ்க்கை அடித்து இறக்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, குரல் எட்டாத உயரத்துக்குப் பறவை போய்விட்டால் அண்ணாந்து நிற்பவரின் முகம் எப்படி மாறும் என்று தெரியும். பறவைக்கும் மனிதனுக்கும் இடையே இருப்பது பழக்கம் ஒன்றே; அது அறுவதைத்தான் அந்த வரி சொல்கிறது. ஆகவே தொழிற்பெயரை விட்டுவிட்டு உறவைச் சொல்லும் சொல்லை எடுத்துக்கொண்டேன்.

‘மையம்’ என்று எழுதாமல் ‘நடு’ என்று எழுதியதில் எனக்கு மிகுந்த நிறைவு உண்டு. ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று கோயிலைச் சுற்றிச் சுற்றி அகன்றுகொண்டே போகும் ஊரில் வாழ்பவனுக்கு நடு என்பது வெறும் புள்ளி அன்று. நடுவு நிலைமை என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருப்பதால் அந்தச் சொல்லுக்குள் நீதியும் இருக்கிறது. நல்லவர்கள் உறுதியிழந்து நிற்கத் தீயவர்கள் வெறியோடு இயங்குகிறார்கள் என்று யேட்ஸ் அடுத்துச் சொல்லப்போவதற்கு இந்தச் சொல் முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைக்கிறது.

இதே வேளையில், முதல் வரைவுகளில் தாராளமாகப் புழங்கிய ‘ஊழி’ என்ற சொல்லை முழுவதுமாக நீக்கிவிட்டேன். நம் மரபின் அழிவுச் சொற்கள் ஆறுதலையும் உடன்கொண்டு வருகின்றன என்பதை இந்தப் பதினொரு மாதங்களில்தான் உணர்ந்தேன். பாரதியின் ‘ஊழிக்கூத்து’ அண்டங்கள் வெடிப்பதில் தொடங்கினாலும் அன்னையின் சினம் தணிந்து ஆனந்தக் கூத்தில் முடிகிறது. கண்ணகி மதுரையை எரிக்கும்போதுகூட, பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விட்டுவிட்டுத் தீத்திறத்தார் பக்கமே சேர்க என்று தீக்கு ஆணையிடுகிறாள். நம் தீக்கு ஆள் பார்க்கத் தெரியும். யேட்ஸின் கவிதையில் பெருகும் வெள்ளத்துக்குத் தெரியாது. அதில் முதலில் மூழ்குவதே மாசற்றவர்கள்தாம். ‘ஊழி வெள்ளம்’ என்று நான் எழுதிய இடங்களில் எல்லாம் அந்தக் கண்மூடித்தனம் மறைந்து, யுகம் மாறும் ஒழுங்கு வந்து குடியேறிவிட்டது.

1917 ரஷ்யப் புரட்சியைப் பாரதியும் யேட்ஸும் பார்த்த விதத்தை அருகருகே வைத்துப் படித்தால் இது இன்னும் தெளிவாகும். 1904இல் இதே மதுரையின் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த பாரதி, இடிபட்ட சுவர்போலே கலி விழுந்தான் என்றும் கிருத யுகம் எழுக என்றும் பாடினார். சுவர் விழுந்தால் வெளிச்சம் வரும் என்பது அவர் நம்பிக்கை. 1919 ஜனவரியில் யேட்ஸ் எழுதியபோது, உலகப் போர் ஓய்ந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன; கருவுற்றிருந்த அவருடைய மனைவி அதற்குச் சற்று முன்புதான் கொள்ளை இன்ஃபுளுயன்சாவில் விழுந்து பிழைத்திருந்தார்; மகள் பிறந்தது அடுத்த மாதம். கவிதையில் வரும் தொட்டிலைக் கிறிஸ்துவின் தொட்டிலாக மட்டும் படித்துவந்த நான், அந்த வீட்டில் காத்திருந்த தொட்டிலையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கியது இதன் பிறகுதான். கையெழுத்துப் படிகளில் இருந்த ஜெர்மானியர், ரஷ்யா, பிரெஞ்சுப் புரட்சி பற்றிய குறிப்புகளை அவர் அடித்துவிட்டார். ஆகவே நானும் அடிக்குறிப்பு எதுவும் போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

அகராதி விஷயத்தில் ஒரு மனக்குறை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் ஒரு தொகுதியைப் பழைய புத்தக வியாபாரி ஒருவரிடம் நல்ல விலை கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எனக்கு வேண்டிய சகர வரிசையிலேயே பதினாறு பக்கங்கள் இல்லை. இப்போது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்த்தான் பார்க்கிறேன். அகராதி வாங்குபவர்கள் பக்க எண்களை ஒருமுறை புரட்டிச் சரிபார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இந்தக் கவிதை முடிவதற்கு முன்பே அடுத்ததன் மீது மனம் போய்விட்டது. ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட்டின் ‘பாழ்நிலம்’ (1922) கவிதையின் ஐந்தாம் பகுதியில் இடி ‘த’ என்று மூன்று முறை முழங்குகிறது. பிருகதாரண்யக உபநிடதத்திலிருந்து வந்த அந்த ஒலியை எலியட் கொடு, இரங்கு, அடங்கு என்ற மூன்று கட்டளைகளாக விரிக்கிறார். தமிழில் எழுதிப் பார்த்தபோது மயிர்க்கூச்செறிந்தது: தா, தயைகொள், தணி. முதல் கட்டளைக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். இடி தமிழிலேயே பேசுகிறது. சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழில் வந்த சி. மணியின் ‘நரகம்’ கவிதையையும் அப்போது கூடவே வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். நகரத்தின் சீரழிவை அவர் எந்தச் சொற்களால் தொட்டார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் யேட்ஸின் கடைசி வரி. அதில் சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட ஒரு விலங்கு பெத்லகேமை நோக்கிப் பிறக்கப் போகிறது. எப்படிப் போகிறது என்பதுதான் கேள்வி. ‘ஊர்ந்து’ என்றால் பாம்பாகிவிடுகிறது. ‘தள்ளாடி’ என்றால் இரக்கம் வந்துவிடுகிறது. ‘பதுங்கி’ என்றால் அதற்கு யாரிடமோ அச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறது. உண்மையில் அதற்கு அச்சமும் இல்லை, அவசரமும் இல்லை. நேற்று மாலை மாட்டுத்தாவணிச் சாலையில் ஒரு கோயில் மாடு பேருந்துகளை நிறுத்திவிட்டு, தலையைத் தொங்கப்போட்டு, தோள் மாறி மாறிப் புடைக்க, எவரையும் பொருட்படுத்தாமல் கடந்து போனது. ‘தலை தொங்க, தோள் அசைய’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ஒரு வரிக்கு அது நீளம். இன்று இரவு இரண்டு சொற்களைக் குறைத்துப் பார்க்கப் போகிறேன்.