பேசும் மொழி ஒன்று, படிக்கும் மொழி ஒன்று: பெங்களூரில் ஒப்புதல் படிவம்

பெங்களூரில் மருத்துவ ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கும் இடங்களில் பெரும்பாலும் முதலில் கேட்பது "தாய்மொழி என்ன?" என்றுதான். தமிழ் என்று சொன்னதும், சேர்பவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டிய ஒப்புதல் படிவம் தமிழில் கைக்கு வந்துவிடும். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அலசூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ பிறந்து வளர்ந்த பலர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் படித்ததோ கன்னடம். தமிழ் எழுத்தைக் கூட்டிக்கூட்டித்தான் படிப்பார்கள், சிலருக்கு அதுவும் வராது. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்து நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரிக்கும் கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் வருகிறவர்களில் நேர்மாறாக இருப்பவர்களும் உண்டு. வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம், பள்ளியில் தமிழ். இவர்கள் எல்லோருக்கும் "தாய்மொழி" என்ற ஒரே கட்டத்தில் டிக் அடித்தால் பாதிப் பேருக்குப் படிக்க முடியாத தாளைத்தான் கொடுப்போம்.

கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள். "எந்த மொழியில பேசினா உங்களுக்கு நல்லாப் புரியும்?" "எந்த மொழியில படிப்பீங்க?" பதில் இரண்டும் வேறாக வந்தால் பேச்சு ஒரு மொழியில், தாள் இன்னொரு மொழியில். அதில் தவறே இல்லை, இரண்டு மொழிப் படிவமும் எதிக்ஸ் கமிட்டியின் (ஆராய்ச்சி அறநெறிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் குழு) ஒப்புதல் பெற்றிருந்தால் போதும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படிக்கத் தெரியாது என்று நேராகச் சொல்ல யாருக்கும் மனசு வராது. "கண்ணாடி கொண்டுவரலைங்க", "மகன் வந்து படிச்சுக்குவான்" என்று சொன்னால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, வாய்விட்டுப் படித்துக் காட்ட ஆரம்பித்துவிடலாம். மேலும் கிளறிக் கேட்டுக் கூச வைக்க வேண்டாம்.

அடுத்தது சொற்கள். மொழிபெயர்ப்பு நிறுவனங்கள் தரும் தமிழ்ப் படிவங்களில் என்னை மிகவும் வருத்துவது "மருத்துவப் பரிசோதனை" என்ற தொடர். மருந்தை மனிதர்களிடம் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சியான கிளினிக்கல் ட்ரயல் என்பதற்கு அதைப் போடுகிறார்கள். தமிழில் பரிசோதனை என்றால் ரத்தம் எடுப்பதும் பரிசோதனை, ஸ்கேன் எடுப்பதும் பரிசோதனை, டாக்டர் தொட்டுப் பார்ப்பதும் பரிசோதனை. "உங்களை ஒரு பரிசோதனையில் சேர்க்கிறோம்" என்று படிக்கிறவர், ஏதோ கூடுதலாக ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள், நல்லதுதானே என்று நினைக்கிறார். "இது ஆராய்ச்சி. இந்த மருந்து வேலை செய்யுமா செய்யாதான்னு இன்னும் யாருக்கும் தெரியாது, அதைத் தெரிஞ்சுக்கத்தான் செய்யுறோம்" என்று எழுதினால் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் பிரிப்பதைக் குறிக்கும் ரேண்டம் என்பதற்குத் "தோராயமாக" என்று போட்டிருப்பார்கள். படிக்கிறவருக்கு அது "ஏறக்குறைய" என்று படும், அளவில்லாமல் மருந்து கொடுப்பார்களோ என்ற பயமும் வரும். "சீட்டு குலுக்கிப் போடுற மாதிரி. உங்களுக்கு எந்த மருந்துன்னு டாக்டர் முடிவு பண்ண மாட்டார், கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுக்கும்" என்றால் சந்தையில் சீட்டுக் கட்டுகிற அம்மாவுக்கும் அது விளங்கும். யாருக்கு எந்த மருந்து என்று டாக்டருக்கும் நோயாளிக்கும் தெரியாமல் வைக்கும் டபுள் பிளைண்டை "இரட்டைக் குருடு" என்று ஒரு கண் மருந்து ஆராய்ச்சியின் படிவத்தில் எழுதினால் அதைப் படிப்பவர் எழுந்து போய்விடுவார், போனால் அவர் மேல் குற்றமில்லை. ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும் பிளாசிபோவுக்கு "மருந்துப்போலி" என்பதைவிட "மருந்து எதுவும் கலக்காத, பார்க்க அதே மாதிரி இருக்கிற மாத்திரை" என்பது நீளம்தான், ஆனால் ஏமாற்றாது. ரத்தம் 10 மில்லி என்றால் "ரெண்டு டீஸ்பூன்" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சிரிஞ்சைப் பார்த்தே பயப்படுகிறவருக்கு மில்லிக் கணக்கு உதவாது.

இவற்றைப் பிடிக்கத்தான் பின்மொழிபெயர்ப்பு என்ற வேலை இருக்கிறது. தமிழ்ப் படிவத்தை இன்னொருவர் மறுபடி இங்கிலீஷுக்குக் கொண்டுபோய் மூலத்தோடு ஒப்பிடுவது. மூலத்தை முன்பே பார்த்தவர் இதைச் செய்தால் பயனில்லை, அவர் மனசில் இருக்கும் இங்கிலீஷே திரும்பி வரும். பார்க்காதவர் செய்தாலும் "பரிசோதனை" தப்பித்துவிடலாம், ஏனென்றால் சூழலை வைத்து அவர் ட்ரயல் என்றே எழுதிவிடுவார். அதனால் படிவத்தை எதிக்ஸ் கமிட்டிக்கு அனுப்பும் முன், அந்த ஆராய்ச்சியில் சேரக்கூடிய வயதும் படிப்பும் உள்ள நாலைந்து தமிழர்களிடம் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அரை நாள் வேலை. கமிட்டியில் சாதாரண மக்களில் ஒருவர் உறுப்பினராக இருந்தாக வேண்டும் என்பது விதி. பெங்களூரில் அவருக்குத் தமிழ் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது, தமிழ்ப் படிவத்தைக் காப்பாற்றும் பொறுப்பு நம்முடையதுதான்.

எழுத்துத் தமிழ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாயால் சொல்லும்போது பேச்சுத் தமிழாக மாற வேண்டும். "பங்கேற்பது முற்றிலும் தங்கள் தன்னார்வத்தின் அடிப்படையிலானது" என்று படித்தால் தலையாட்டுவார்கள். "இதுல சேர்றதும் சேராததும் உங்க இஷ்டம்மா. வேணாம்னாலும் இங்க பார்க்கிற வைத்தியத்துல ஒரு குறையும் வராது. சேர்ந்துட்டு நடுவுல வேணாம்னாலும் சொல்லிட்டுப் போகலாம், காரணம் கேட்க மாட்டோம்" என்றால் சட்டென்று நிமிர்ந்து பார்த்து "அப்படியா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வரும் இடத்தில்தான் ஒப்புதல் உண்மையில் ஆரம்பிக்கிறது.

"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். டாக்டர் முன்னால் "புரியலை" என்று சொல்பவர் அரிது, "சரிங்க சார்" என்றுதான் வரும். கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். "நான் ஒழுங்கா விளக்கினேனான்னு தெரியணும். வீட்டுக்குப் போய் உங்க அக்காகிட்ட இதை எப்படிச் சொல்வீங்க?" அவர் சொல்லும் பதிலில் இது ஆராய்ச்சி என்பது வர வேண்டும். புது மருந்து கிடைக்காமலும் போகலாம் என்பது, வழக்கமான வைத்தியத்துக்கு மேல் என்னென்ன செய்வார்கள் என்பது, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பது, உடம்புக்கு ஏதாவது ஆனால் யாருக்கு போன் செய்வது என்பதும் வர வேண்டும். இரண்டாவதுதான் அதிகம் விட்டுப்போகும். ஆராய்ச்சியையே தனக்கான வைத்தியம் என்று நினைத்துக்கொள்ளும் இந்த மயக்கத்துக்கு ஆப்பல்பாம், ராத், லிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1982-இல் பெயர் வைத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியைத் தேடி ராத்திரி பஸ் பிடித்து வருகிறவருக்கு அந்த மயக்கம் இன்னும் பலமாக இருக்கும். விட்டுப்போன பகுதியை மட்டும் மறுபடி விளக்கி, மறுபடி கேட்க வேண்டும். இரண்டாம் முறையும் வரவில்லை என்றால் அன்று கையெழுத்து வாங்காதீர்கள். தாளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள்.

மொழி தெரியாத டாக்டர், கூட வந்த மகனையோ வார்டு ஆயாவையோ இடையில் நிறுத்திப் பேசுவது பெங்களூரில் தினமும் நடப்பது. மகன் ஐந்து நிமிடப் பேச்சை "ஒண்ணுமில்லம்மா, புது மருந்து தராங்க" என்று முடித்துவிடுவார். "கேன்சர்னு அம்மாகிட்ட சொல்லாதீங்க டாக்டர்" என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டவரும் அவராகத்தான் இருப்பார். ஆயா வழியாகப் போனால் எச்.ஐ.வி., காசநோய் போன்ற விஷயம் மாலைக்குள் வார்டு முழுக்கப் பரவக்கூடும். ஆராய்ச்சிக் குழுவிலேயே தமிழ் சரளமாகப் பேசும் ஒருவர் இருக்க வேண்டும், அவர் பெயர், குழுவில் யாருக்கு என்ன வேலை என்று எழுதி வைக்கும் பொறுப்புப் பகிர்வுப் பட்டியலில் பதிவாகியிருக்க வேண்டும். சுயநினைவும் முடிவெடுக்கும் திறனும் உள்ள பெரியவர் ஒருவருக்காக இன்னொருவர் சம்மதிப்பது செல்லாது. சிகிச்சை விஷயத்தில் 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. டெல்லியில் ஒரு பெண் லேப்ராஸ்கோப்பி மூலம் நோயைக் கண்டறிய மட்டும் சம்மதித்திருந்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது அம்மாவிடம் கேட்டுக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அம்மாவின் சம்மதம் அவருடைய சம்மதம் ஆகாது என்பது தீர்ப்பு.

படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி வேண்டும். ஆராய்ச்சியோடு சம்பந்தமில்லாத, படிக்கத் தெரிந்த, அந்த மொழி புரிகிற ஒருவர், முதல் வரியிலிருந்து கூடவே இருக்க வேண்டும். நடைமுறையில் என்ன ஆகிறது? எல்லாம் முடிந்து ரேகை வைத்த பிறகு, அந்தப் பக்கம் போகிற நர்ஸைக் கூப்பிட்டு "சிஸ்டர், இங்க ஒரு சைன்" என்கிறார்கள். அவர் எதையும் கேட்கவில்லை, அவர் கையெழுத்து பொய்ச்சாட்சி. ஆளைக் காலையிலேயே பேசி வைத்து, உட்கார நாற்காலி போடுங்கள்.

ஒப்புதல் வாங்கும் பேச்சை ஒலி-ஒளிப் பதிவு செய்வது எல்லா ஆராய்ச்சிக்கும் கட்டாயம் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். 2013-இல் வந்த உத்தரவு 2015-இல் சுருங்கியது. 2019 புதிய மருந்துகள் மற்றும் கிளினிக்கல் ட்ரயல் விதிகளின்படி, புத்தம் புதிய மூலக்கூறு மருந்துகளில், எளிதில் பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருப்பவர்களைச் சேர்க்கும்போதுதான் அது கட்டாயம். எச்.ஐ.வி., தொழுநோய் மருந்துகளுக்கு ஒலிப்பதிவு மட்டும். பதிவு செய்வதானால் விளக்குபவர், சேர்பவர், சாட்சி மூவரும் ஒரே சட்டகத்தில் தெரிய வேண்டும். ஓ.பி. கூட்டத்துக்கு நடுவில் எடுத்தால் டோக்கன் நம்பர் கூப்பிடும் குரல்தான் பதிவாகும்.

கையெழுத்துப் பக்கத்தில் தணிக்கையில் மாட்டுபவை சின்னச் சின்ன விஷயங்கள். தேதியைச் சேர்பவர் தன் கையால் எழுதாமல், ஆராய்ச்சியின் அன்றாட வேலைகளைக் கவனிக்கும் கோ-ஆர்டினேட்டர் எழுதியிருப்பது. ரத்தம் எடுத்தது 9.40, கையெழுத்து 10.15. கமிட்டி புதுப் பதிப்புக்கு ஒப்புதல் தந்த பிறகும் பழைய பதிப்புத் தாள் அலமாரியில் கிடந்து அதிலேயே கையெழுத்து வாங்கியது. வாரிசுதாரர் கட்டம் காலி. ஆராய்ச்சியால் உயிர் போனால் நஷ்டஈடு யாருக்குப் போக வேண்டும் என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது. அபசகுனம் என்று தயங்கி அதைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். "எல்லாருக்கும் கேக்கிறதுதான்ம்மா, பேங்க்ல கணக்கு தொடங்கும்போது நாமினி எழுதுற மாதிரி" என்றால் எழுதிவிடுவார்கள்.

பயிற்சி எங்கே என்று கேட்டால், 2019-இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்து மனப்பான்மை, அறநெறி, தகவல்தொடர்புக்கு ஏட்காம் என்ற தனிப் பாடப்பகுதி வந்துவிட்டது. ஆனால் படிவத்தை எடுத்துக்கொண்டு நோயாளியிடம் போவது பெரும்பாலும் கோ-ஆர்டினேட்டர்கள். அவர்களிடம் இருப்பது ஆன்லைனில் கேள்விக்கு டிக் அடித்து வாங்கிய ஜி.சி.பி. (மருந்து ஆராய்ச்சியை முறையாக நடத்தும் நெறிமுறை) சான்றிதழ். மாதம் ஒரு மணி நேரம் போதும். ஒருவர் நோயாளி, ஒருவர் விளக்குபவர், ஒருவர் ஓரமாக உட்கார்ந்து புரியாத சொற்களைக் குறித்துக்கொள்பவர். நோயாளியாக நடிப்பவர் எல்லாவற்றுக்கும் "சரிங்க" மட்டுமே சொல்ல வேண்டும். அந்தச் "சரிங்க"வை உடைத்து உள்ளே போகத் தெரிகிறதா என்பதுதான் தேர்வு.

கடைசியாக, நகல். தகவல் தாளும் பூர்த்தி செய்த படிவமும் அவரிடம் போக வேண்டும் என்பது விதி. மடித்துக் கையில் திணித்தால் வழியிலேயே தொலையும். ஸ்கேன் பிலிம் வைத்திருக்கும் கவரிலேயே போட்டு, மேலட்டையில் போன் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அந்த நம்பரை எடுப்பவருக்குத் தமிழ் தெரியுமா என்று ஒருமுறை நீங்களே ராத்திரி 9 மணிக்கு அடித்துப் பார்த்துவிடுங்கள்.