30 கிலோமீட்டருக்கு மேல் பேசுவது தலையா, வயிறா?

முழு மாரத்தான் பயிற்சியில் இப்போது 32 கிலோமீட்டர் வரை வந்திருக்கிறேன். ஜனவரியில் சென்னையில் 42.195. அரை மாரத்தான் ஓடியவனுக்கு இது அதன் இரண்டு மடங்குதானே என்று வீட்டிலேயே கேட்டார்கள். 21 வரை உடம்பு கையிருப்பை வைத்து ஒப்பேற்றிவிடும். அதற்கு மேல் தனிக் கணக்கு. அந்தக் கணக்கைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

ஆகஸ்ட், செப்டம்பர் முழுக்கப் புழுக்கத்தோடு மல்லுக்கட்டு. அதிகாலை நாலேகாலுக்குக் கிளம்பினாலும் தப்ப முடியாது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். மெரினாக் காற்றில் அது உலராமல் முழங்கையிலிருந்து சொட்டி, காலில் வழிந்து, ஷூவுக்குள் இறங்கியது. சூட்டைத் தணிக்க ரத்தம் தோலுக்குத் திரும்பும். வியர்வையால் ரத்தத்தில் நீரும் குறையும். அதனால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கும். நேப்பியர் பாலத்தில் நாடித்துடிப்பு 138 காட்டிய வாட்ச், கலங்கரை விளக்கம் வரை இரண்டு தடவை போய் வந்ததும் வேகம் கூடாமலேயே 160ஐத் தொட்டது. வீட்டுக்கு வந்து எடை பார்த்தால், வழியில் தண்ணீர் குடித்தும் ஒன்றரைக் கிலோ காணோம்.

அதற்காக வாளி வாளியாகக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம், அதாவது உப்புச் சத்து, குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்கள், அதாவது வியர்த்ததைவிட அதிகம் குடித்தவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல். என்னைப் போன்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எங்கள் குழுவில் அறுபதை நெருங்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். "வாட்ச்சைப் பார்க்காம என்கிட்ட பேசிக்கிட்டே வா தம்பி. முழு வாக்கியமாப் பேச முடியலைன்னா வேகம் ஜாஸ்தி, அவ்வளவுதான்" என்றார். அப்படிப் பேசிப் பேசி என் லாங் ரன் (நீண்ட தூரப் பயிற்சி ஓட்டம்) வேகம் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 40 வினாடியில் வந்து நின்றது. கல்லூரிப் பையன்கள் சிரித்துக்கொண்டே தாண்டிப் போகும் வேகம். கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். ஆனால் இந்த வேகத்தில்தான் உடம்பு கொழுப்பையும் சேர்த்து எரித்து, மாவுச்சத்தை மிச்சம் பிடிக்கிறது.

காலைப் பற்றிச் சுருக்கமாக. முழங்காலின் வெளிப்பக்கம் வலித்தது; இடுப்புப் பக்கத் தசைக்குப் பயிற்சி செய்யச் செய்யக் குறைந்தது. ஒரு கால் நகம் கறுத்துவிட்டது. தொடை உரசலுக்கு வாசலின். ஐப்பசி மழையில் நனைந்த ஷூவோடு ஓடிவிட்டு சாக்ஸைக் கழற்றினால் உள்ளங்கால் வெளுத்துச் சுருங்கி, பெருவிரலுக்குக் கீழே எட்டணா அளவில் கொப்புளம். இதெல்லாம் ஆறிவிடும்.

ஆறாதது தலைக்குள் நடப்பதுதான் என்று பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மன உறுதி, மன உறுதி என்று எல்லாரும் அடித்துச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. நவம்பரில் 30 கிலோமீட்டர் ஓட்டத்தில் அதைச் சோதித்துப் பார்த்தேன். நீலாங்கரைப் பக்கம் போய்த் திரும்பும் பாதை. 25 வரை தண்ணீரும் எலக்ட்ராலும் மட்டும், சாப்பாடு கிடையாது.

திரும்பும் வழியில் திரு.வி.க. பாலத்தின் லேசான ஏற்றத்திலேயே ஆரம்பித்துவிட்டது. முதலில் எரிச்சல்: முன்னால் போகிறவரின் ஷூ சத்தம்கூடப் பிடிக்கவில்லை. அப்புறம் கணக்கு போனது. மீதி ஐந்தரைக் கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பெருக்கிப் பார்க்கிறேன், விடை வரவே இல்லை. அதன் பின் வக்கீல் வாதம்: பணம் கட்டினால் என்ன, வராவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள், முட்டிக்கு நல்லதில்லை, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு இருக்கலாமே. சாந்தோமில் ஓர் ஆட்டோ வேகம் குறைத்துப் பக்கத்தில் வந்தது. "ஏறிக்கிறீங்களா சார்?" அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

நின்று இரண்டு பேரீச்சம்பழத்தை மென்றேன். சில நிமிடங்களில் எரிச்சல் அடங்கியது, வாதம் நின்றது. கால் வலி மட்டும் அப்படியே இருந்தது.

தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன், அதாவது சேமிப்பு மாவுச்சத்து, தோராயமாக 2000 கலோரி. ஓட்டத்துக்குக் கிலோமீட்டருக்கு, ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி. நான் 72 கிலோ. கணக்கு எங்கே இடிக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மூளை பெரும்பாலும் குளுக்கோஸில்தான் ஓடுகிறது. சரி, பழம் செரிக்கும் முன்பே தெளிந்தது எப்படி? 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், மாவுச்சத்துக் கரைசலை வாயில் கொப்பளித்துத் துப்பிய சைக்கிள் வீரர்கள்கூட, வெறும் தண்ணீரைக் கொப்பளித்தபோது ஓட்டியதைவிட வேகமாக ஓட்டினார்கள். உணவு வருகிறது என்று வாய் சொன்னதுமே மூளை பிடியைத் தளர்த்துகிறது போலும். அன்றிலிருந்து யாராவது மன உறுதி என்று ஆரம்பித்தால், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறேன்.

1978-ல் ஜலந்தரில் இந்திய ஓட்ட வீரர் சிவ்நாத் சிங் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தானை முடித்தார். அந்த நேரத்தில் நான் 18 கிலோமீட்டரைக்கூட எட்டியிருக்க மாட்டேன். மெதுவாக ஓடுகிறவன் வெயிலிலும் பசியிலும் கூடுதல் நேரம் நிற்கிறான். அவனுக்குத்தான் சாப்பாட்டுத் திட்டம் அதிகம் தேவை.

டிசம்பரில் 32. மூன்றேகாலுக்கே இட்லி, சர்க்கரை தொட்டு. ("மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, என்னை எழுப்பாதீங்க" என்பது வீட்டு உத்தரவு.) நாற்பதாவது நிமிடத்திலிருந்தே, பசிக்கும் முன்பே, மணிக்கு 40 கிராம் மாவுச்சத்து என்று கணக்கு. கடலை மிட்டாய் சரிப்படவில்லை: தூள் தொண்டையில் ஒட்டி இருமல் வந்தது, கடலையின் கொழுப்பு வயிற்றிலேயே கிடந்தது. ஓட்டக்காரர்கள் பாக்கெட்டிலிருந்து பிழிந்து சாப்பிடும் மாவுச்சத்து ஜெல் வேலை செய்கிறது, விலைதான் கடிக்கிறது. வெல்லமும் உப்பும் எலுமிச்சையும் கரைத்த தண்ணீரும் பேரீச்சையும்தான் எனக்கு ஒத்துவந்தது.

இந்த முறை பாலத்தில் கணக்கு வந்தது. சலிப்பு மட்டும் போகவில்லை, அதற்கு மருந்து பேரீச்சையில் இல்லை. வீட்டுத் தெருவைத் தொடாத பாதையாகப் பார்த்து ஓடுகிறேன். பாதியில் திரும்பினாலும் அதே தூரம் வந்துதான் ஆக வேண்டும். மார்கழி என்பதால் திருவான்மியூர்ப் பக்கம் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கிறது, நாய்களும் கொஞ்சம் அடங்கியிருக்கின்றன.

பந்தயத்துக்குள் கால் தேற வேண்டும், அதனால் இனி தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். வரும் ஞாயிறு 24 கிலோமீட்டர், அதே வெல்லத் தண்ணீரோடு. அக்காவும் வருகிறார், வேகம் அவர் கையில்.