அது பாடத்தில இல்லம்மா

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்வந்து ஒரு மாதம் ஆகிறது. அன்று நான் சொன்ன ஒரு வரி இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

நவராத்திரி மண்டபத்தில் நின்றிருந்தோம். அந்த மர அழித் தடுப்புக்குப் பின்னால் இருந்துதான் அரண்மனைப் பெண்கள் ஆட்டம் பார்த்தார்கள் என்று காட்டினேன். எல்லோரும் அழியைப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் கால் பெருவிரலால் கறுப்புத் தரையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "டீச்சர், எங்க பாட்டிக்க பாட்டி எல்லாம் எங்க நிண்ணிருப்பாங்க?"

புரியாமல் இல்லை. நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக நடந்த தோள்சீலைக் கலகம் பற்றி வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அது பாடத்தில இல்லம்மா, வரிசையில வா" என்றேன்.

பொய் இல்லை. 2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. அந்தப் பகுதியை எடுத்துவிட்டது. அதுவரை வருஷா வருஷம் நடத்தியவள் நான். அப்புறம், அந்த வரிசையில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் நின்றார்கள். அன்று துணியைப் பிடித்து இழுத்தவர்களின் வழியில் வந்த பிள்ளையும் இருக்கலாம். அது என்ன பாவம் செய்தது? திருவிதாங்கூரின் தலைநகர் 1795-லேயே இங்கிருந்து திருவனந்தபுரம் போய்விட்டதே, இந்த மாளிகையில் வைத்து அதை ஏன் பேச வேண்டும் என்றுகூட எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது நிற்கவில்லை. 1822-இல் பெண்களை அடித்து உடையைக் கிழித்தது இதே கல்குளம், இரணியல் பக்கம்தான்.

அடுத்த வாரம் வகுப்பில் பத்து நிமிஷம் ஒதுக்கினேன். 1859 ஜூலை 26, உத்திரம் திருநாள் மகாராஜாவின் அறிக்கை. நாடார் பெண்கள் குப்பாயம் என்ற சட்டை போடலாம், மீன்பிடிக்கும் முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம், எப்படியும் மார்பை மறைக்கலாம். உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. அந்த 'மட்டும்' வந்ததும் என் குரல் இறங்கிவிட்டது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

"பரீட்சைக்கு வருமா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். வராது என்றதும் பேனாக்களை மூடினார்கள். அவள் மூடவில்லை. ஆனால் ஒன்றும் கேட்கவும் இல்லை.

யாருடைய மனமும் நோகக் கூடாது என்றுதான் அன்று பேசவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது சரிதானா என்று தெரியவில்லை. என் பாட்டியின் பாட்டியும் அந்த நாடார் பெண்களில் ஒருத்திதான். பிள்ளைகள் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வகுப்பிலும் வருஷங்களைச் சொன்னேன், அதைச் சொல்லவில்லை.

அவள் வருஷம் கேட்கவில்லை. எங்கே நின்றிருப்பார்கள் என்றுதான் கேட்டாள்.