ஐல் ராயல்: ஓநாயைப் பார்க்காமல் ஆறு நாள்

காப்பர் ஹார்பரில் ஐல் ராயல் தீவுக்குக் கப்பல் ஏறும்போதே அண்ணன் சொல்லிவிட்டார். "ஓநாயைப் பார்க்கலாம்னு மட்டும் நினைச்சுக்காதே. வருஷா வருஷம் போறவங்களே பார்த்ததில்லையாம்." சரி என்று தலையாட்டினேன். ஆசை மட்டும் போகவில்லை.

சுப்பீரியர் ஏரியில் அன்றைக்கு நல்ல அலை. கரை மறைந்த பிறகு கடலுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. மூன்றரை மணி நேரத்துக்கு மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தீவின் ராக் ஹார்பரில் இறங்கியதும் தேவதாரு வாசம் அடித்தது, வயிறு அமைதியானது.

72 கிலோமீட்டர் நீளம், ஏறக்குறைய 14 கிலோமீட்டர் அகலம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த தீவு, தேசியப் பூங்கா. இங்கே வேறு மான் கிடையாது, கரடி கிடையாது. மான் குடும்பத்திலேயே பெரிய விலங்கான மூஸ் உண்டு, அதை அடிக்க ஓநாய் உண்டு. மூஸ் 1900-களின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தது. 1940-களின் கடைசியில், ஏரி உறைந்து கிடந்த ஏதோ ஒரு குளிர்காலத்தில், ஓநாய்கள் பனிமேல் நடந்தே வந்தன. 1958-ல் பர்டூ பல்கலைக்கழகத்தின் டர்வர்ட் ஆலன் இந்த இரண்டையும் எண்ணத் தொடங்கினார். அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. 1970-ல் மாணவராக வந்த ரால்ஃப் பீட்டர்சன் தன் வாழ்நாளையே இதற்குக் கொடுத்துவிட்டார். வேட்டையாடும் விலங்கையும் அதன் இரையையும் சேர்த்து இத்தனை காலம் விடாமல் பார்த்த ஆராய்ச்சி உலகத்தில் வேறு இல்லை.

மறுநாள் படகில் பாங்சண்ட் கேபினுக்குப் போனோம். பழைய மீனவர் வீடு. ஆராய்ச்சிக் குழுவின் கோடைக்கால இருப்பிடம். முற்றம் முழுக்க மூஸ் கொம்புகள், மண்டையோடுகள், வரிசை வரிசையாக. முதலில் கொஞ்சம் பயமாக இருந்தது. பிறகு ஓர் எலும்பின் பக்கத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

அது இடுப்பு மூட்டு. வழவழவென்று உருண்டையாக இருக்க வேண்டிய தொடையெலும்பின் தலை, மழையில் அரித்த சுண்ணாம்புக்கல் மாதிரி சொரசொரத்து, விளிம்பெல்லாம் புடைத்துக் கிடந்தது. மூட்டுவாதம். என் பாட்டி வாசற்படியில் ஒரு கையை ஊன்றி எழுந்திருப்பது கண்முன் வந்தது. இந்த மூஸும் அப்படித்தான் நொண்டியிருக்கும். பனியில் ஓட முடியாத ஒரு நாள் ஓநாய்க்கூட்டம் பிடித்திருக்கும். குழு கண்டுபிடித்த விஷயம் இன்னும் ஆழமானது: தாய் வயிற்றிலும் கன்றுப் பருவத்திலும் சரியான தீனி கிடைக்காத மூஸுக்குத்தான் வயதான பிறகு இந்த வாதம் அதிகம் வருகிறது. பிறந்த வருஷத்துப் பஞ்சம் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துக் காலை வாருகிறது. பல்லை அறுத்துப் பார்த்தால் மரத்தின் வளையம் மாதிரிக் கோடு. அதை எண்ணி வயதைச் சொல்லிவிடுகிறார்கள். ஓநாய் அடிப்பது பெரும்பாலும் கன்றையும் கிழட்டையும்தான் என்பது இப்படி எலும்பு எலும்பாகப் பொறுக்கித் தெரிந்துகொண்டது. கோடையில் தன்னார்வலர்கள் மூட்டை கட்டிக்கொண்டு பாதையில்லாத காட்டில் எலும்பு தேடி நடக்கிறார்கள். குளிர்காலத்தில் பூங்காவை மூடிய பிறகு, பனியில் இறங்கச் சறுக்குக்கட்டை பூட்டிய சின்ன விமானத்தில் ஆராய்ச்சியாளர்கள் வழக்கமாக ஏழு வாரம் சுற்றி எண்ணுகிறார்கள்.

மூன்றாம் நாள் கிரீன்ஸ்டோன் மலைமுகட்டில் நடை. முதுகில் 15 கிலோ. ஏரித் தண்ணீரை வடிகட்டாமல் குடிக்கக் கூடாது. ஓநாயின் கழிவிலிருந்து வரும் நாடாப்புழு முட்டை அதில் இருக்கலாம். கண்ணில் படாத ஓநாய்க்காக வேளாவேளைக்கு உட்கார்ந்து தண்ணீர் பம்பு அடித்தோம்.

நடக்கும்போது அண்ணன் 1980-ஐப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். அந்த வருஷம் 50 ஓநாய். 1982-ல் 14. யாரோ விதியை மீறி நாயைக் கூட்டி வந்ததில் நாய்களுக்கு வரும் பார்வோ வைரஸ் ஓநாய்களுக்குத் தொற்றிவிட்டது. ஓநாய் குறைய, மூஸ் பெருகிப் பெருகி 2,400-ஐத் தொட்டது. 1996-ல் கடுங்குளிரும் உண்ணியும் பட்டினியும் சேர்ந்து 500 அளவுக்குக் கொண்டுவந்து விட்டன. ஒரு நாய்! எனக்கு அதைக் கேட்டு ஆத்திரம்தான் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் மனசில் தைக்கிறது. 1997-ல் ஓர் ஆண் ஓநாய் பனிப்பாலத்தில் நடந்து வந்தது. கிழட்டுச் சாம்பலன் என்று பெயர் வைத்தார்கள். சில தலைமுறைக்குள் கூட்டத்தின் பாதிக்கு மேல் அவன் ரத்தம். புது ரத்தம் வந்த தெம்பு கொஞ்ச காலம்தான். பிறகு மறுபடி நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம், முதுகெலும்புக் கோளாறு. ஏரி உறைவது அபூர்வமாகிவிட்டதால் அடுத்த சாம்பலன் வரவில்லை. 2018-ல் மிஞ்சியவை இரண்டே. அவை தகப்பனும் மகளும். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளும்கூட. அந்த வருஷமும் அடுத்த வருஷமுமாக மினசோட்டா, ஒன்டாரியோ, மிச்சிகன் கரையிலிருந்து 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள்.

"இயற்கையை அதன் போக்கில் விட்டிருக்கணும்" என்றார் அண்ணன். நான் ஒப்புக்கொள்ளவில்லை. "பனி உருகினது அதன் போக்காண்ணா? நாயைக் கொண்டுவந்தது யாரு?" அன்று இரவு கூடாரத்துக்குள்ளும் இதே பேச்சு. தூரத்தில் லூன் பறவை அழுதது, ஓநாய் ஊளையிடவில்லை.

ஐந்தாம் நாள் ஈரச் சேற்றில் ஒரு தடம். என் உள்ளங்கையை விரித்துப் பக்கத்தில் வைத்தேன். ஏறக்குறைய அதே அகலம். நகக்குறி கூர்மையாக, விளிம்பு உடையாமல் இருந்தது. இரவுதான் போயிருக்க வேண்டும். அண்ணன் படம் எடுக்கக்கூட மறந்து நின்றார்.

கடைசி நாள் மேற்கு முனையில் விண்டிகோ. வழியோரம் பால்சம் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தின் கன்றுகள், முழங்கால் உயரம். கன்று என்று நினைத்தால் தப்பு; பல வருஷத்து மரங்கள் அவை. குளிர்காலம்தோறும் மூஸ் நுனியைக் கடித்துக் கடித்து உயரவே விடவில்லை. 2019-ல் 2,060 மூஸ் இருந்தன. ஓநாய்கள் திரும்பிய பிறகு, 2023 கணக்கில் மூஸ் 967, ஓநாய் 31.

அப்படிப்பட்ட ஒரு மரத்தின் முன் குந்தி உட்கார்ந்தேன். தண்டு கட்டைவிரல் பருமன், முழுக்க முடிச்சு. உச்சியில் மட்டும் ஒரு துளிர், கையளவு நீளம், வெளிர் பச்சை, யாரும் கடிக்காமல். தொட்டுப் பார்த்தேன். ஊசி இலைகள் இன்னும் மெத்தென்று இருந்தன.