கோட்டைக் கழற்றாமலே தின்னக்கூடியது

ரொறன்ரோவில் ஒரு தமிழ் வீட்டுக்குப் போகும்போது கையில் எதைக் கொண்டுபோவது என்ற கேள்விக்கு மூன்று விடைகள்தான் உண்டு: கடைக் கேக், பழப்பெட்டி, மீனும் கிழங்கும் உள்ளே வைத்து மடித்துப் பொரித்த பற்றீஸ். கேக்கை அந்த வீட்டுக்காரர் மறுநாள் வேறொரு வீட்டுக்குக் கொண்டுபோவார். பழம் சமையலறை மேசையில் கிடக்கும். பற்றீஸ் தட்டு மட்டும், கொண்டுவந்தவர் சப்பாத்தைக் கழற்றி முடிப்பதற்குள் பாதி காலியாகிவிடும்.

ஊரில் இருந்த காலத்தில் நான் பற்றீஸ் சுட்டதில்லை. சுடவேண்டிய தேவையும் வந்ததில்லை. யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணீர்க் கடைகளில் ரோல்ஸ், வாய்ப்பன், வடையோடு அதையும் ஒரே தட்டில் அடுக்கி மேசையில் வைப்பார்கள். தின்றதை எண்ணிக் காசு வாங்குவார்கள். வீட்டில் யாராவது சுட்டால் அது பிறந்தநாளாகவோ கலியாணப் பலகாரச் சூடாகவோ இருக்கும். அங்கேயும் பெரியவர்களின் கைதான் வேலை செய்யும், சிறுவர்களுக்கு முள்ளுக்கரண்டியால் ஓரம் அழுத்தும் உத்தியோகம் மட்டும் கிடைக்கும்.

கனடாவில் என்னை அடுப்படிக்குத் தள்ளியது இந்த நாட்டின் ஒன்றுகூடல்கள்தான். இங்கே கூட்டம் பெரும்பாலும் நின்றபடி நடக்கிறது. தொடர்மாடியின் கீழ்த்தள மண்டபத்தில், வேலைத்தளத்தின் சாப்பாட்டறையில், பிள்ளையின் பாடசாலை நடைபாதையில், கதிரைகள் போதாத வரவேற்பறைகளில் என்று எங்கும் நின்றுகொண்டுதான் பேச்சு. பிட்டும் இடியப்பமும் இருந்து சாப்பிடுகிற சாப்பாடு. குழம்பு வேண்டும், கை கழுவ இடம் வேண்டும். பற்றீஸுக்கு எதுவும் வேண்டாம். ஒரு கையில் கோப்பிக் கோப்பை, மறு கையில் பற்றீஸ், உடம்பில் கழற்றாத கோட். ஆறிப்போனாலும் கெட்டுப்போகாத சுவை அதற்கு. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். 2023இல் சேவையை நிறுத்திக்கொண்ட ஸ்காபரோ ஆர்.டி. ரயிலிலும் அலுமினியத் தட்டோடு போயிருக்கிறேன். ஒரு பெட்டி முழுவதும் திரும்பிப் பார்க்கும்.

எங்கள் மாடியில் இருக்கும் அக்கா ஒருவர் எண்பதுகளில் வந்தவர். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்த பலரைப்போல அவரும் முதலில் வெலஸ்லி வீதியும் பார்லிமென்ற் வீதியும் சந்திக்கும் பக்கத்துத் தொடர்மாடிகளில்தான் இருந்தார். அப்போது கறிவேப்பிலை கிடைப்பது அருமை என்பார். ரின்மீன், உருளைக்கிழங்கு, லீக்ஸ், மாஜரின் நான்கும் எந்தக் கடையிலும் கிடைத்ததால்தான் பற்றீஸ் இங்கே பிழைத்துக்கொண்டது என்பது அவர் கட்சி. எனக்கும் அது சரியாகவே படுகிறது. தேங்காய்ப்பூவை நம்பிய பண்டங்கள் அந்த நாட்களில் பட்ட பாட்டை இது படவில்லை.

ஆனால் மா விடயத்தில் கனடா விட்டுக்கொடுப்பதில்லை. இங்கே எல்லாவற்றுக்குமென்று விற்கப்படும் வெள்ளை மா வலுவான கோதுமையில் அரைத்தது. புரதம் 12, 13 வீதம் இருக்கும். பாணுக்கு அது அருமையான மா. பற்றீஸுக்கு அடம்பிடிக்கும் மா. உருட்டித் தேய்த்தால் விரியும், கட்டையை எடுத்ததும் பழைய இடத்துக்குச் சுருங்கும். வட்டம் வெட்டினால் நீள்வட்டமாகும். இதற்கு இரண்டு வழிகள். மூன்றில் ஒரு பங்குக்கு, பேஸ்ற்றி மா என்று விற்கும் மென்மையான மாவைக் கலப்பது ஒன்று. குழைத்த மாவை அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு நம் வேலையைப் பார்ப்பது மற்றது. இரண்டையும் செய்வதே நல்லது.

என் அளவு இது: 500 கிராம் மா, 100 கிராம் குளிர்ந்த மாஜரின் அல்லது பட்டர், 2 முட்டை மஞ்சட்கரு, அரைத் தேக்கரண்டி உப்பு, சிறிது தேசிக்காய்ப் புளி, சேர்ந்து வரும் அளவுக்குத் தேங்காய்ப்பால். மாஜரினை மாவோடு விரல் நுனியால் உதிர்த்துவிட்டுப் பிறகுதான் ஈரம். பால் 150 மில்லிலீற்றருக்கு மேல் கொஞ்சம் போகும். குளிர்காலத்தில் இன்னும் கொஞ்சம் கேட்கும். மிஞ்சிய வெள்ளைக்கரு ஓரம் ஒட்டுவதற்கு. ஏறக்குறைய 8 சென்றிமீற்றர் வட்டமாக வெட்டினால் 40க்கு மேல் வரும்.

குளிர்காலம் என்றதும் எல்லாரும் பனியைத்தான் நினைக்கிறார்கள். சமைக்கிறவருக்கு அதைவிடப் பெரிய தொல்லை வீட்டுக்குள் இருக்கும் காற்று. வெளியே குளிர்ந்த காற்றில் ஈரம் குறைவு. அதையே உள்ளே எடுத்துச் சூடாக்கும்போது அது உதட்டையும் உலர்த்தும், மாவையும் உலர்த்தும். வெட்டிய வட்டங்களை ஐந்து நிமிடம் திறந்து வைத்தால் மேலே பொருக்குக் கட்டிவிடும். மடித்தால் முதுகு வெடிக்கும். வெடித்த இடத்தால் எண்ணெய் உள்ளே போகும், உள்ளே இருந்த மீன் வெளியே வந்து சட்டியில் கருகும். மாமி ஸ்பொன்சரில் வந்த முதல் குளிர்காலத்திலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார். "பிள்ளை, மாவுக்குக் குளிர் பிடிக்கும், காற்றுப் பிடிக்காது" என்று சொல்லி, பிழிந்த ஈரத்துணியால் எல்லாவற்றையும் மூடிவிட்டார். நாட்டைப் பற்றி அவர் சொன்ன முதல் கருத்தும் அதுதான் என்று நினைக்கிறேன். இன்றுவரை அவருக்குக் காலநிலையைப் பற்றி வேறு முறைப்பாடு இருந்ததில்லை.

உள்ளீட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கை. 425 கிராம் ரின்மீன் ஒன்று, 600 கிராம் உருளைக்கிழங்கு, வெங்காயம், லீக்ஸ், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மிளகுதூள். ஒரே ஒரு விடயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு: உள்ளீடு உலர்ந்திருக்கவேண்டும், முழுவதும் ஆறியிருக்கவேண்டும். கிழங்கைத் தெரிவதும் அதற்காகத்தான். யூக்கன் கோல்ட் என்ற மஞ்சள் கிழங்கு ஒன்ராறியோவிலேயே, குவெல்ப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டு 1980இல் வெளிவந்தது. குழம்புக்கு அதைவிட நல்ல கிழங்கு கிடையாது. பற்றீஸுக்கு மாத்தன்மையுள்ள ரசெற் கிழங்குதான். அவித்து வடித்த பிறகு வெறும் சட்டியில் ஒரு நிமிடம் பிரட்டினால் மிச்ச ஈரமும் போய்விடும்.

பொரிப்பது தனிக் கலை, தனிப் போராட்டம். வீட்டுக்கு வீடு புகை எச்சரிக்கைக் கருவி கூரையில் இருக்கிறது. சட்டம் அது, அதைத் துணியால் மூடுகிறவர்களோடு நான் பேசுவதில்லை. பழைய தொடர்மாடிகள் பலவற்றில் அடுப்புக்கு மேலுள்ள காற்றாடி புகையை வெளியே அனுப்பாமல் வடிகட்டித் திரும்ப நம் முகத்திலேயே ஊதும். எனவே முன்னேற்பாடு வேண்டும். வாசலருகே அலுமாரியில் தொங்கும் கோட்டுகள் எல்லாம் படுக்கையறைக்குப் போகும், கதவு மூடப்படும். இதைச் செய்யாவிட்டால் திங்கட்கிழமை காலை ரயிலில் நம் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். பிறகு ஜன்னலை ஒரு சாண் திறக்கவேண்டும், வெளியே மறை 15 பாகை என்றாலும். எண்ணெய் 175 பாகையில் நின்றால் புகை வராது. மேலே போகவிட்டால்தான் கருவி கூவும். கனோலா எண்ணெய் அந்தச் சூட்டைத் தாங்கும். மனிற்றோபாவிலும் சஸ்காச்சுவானிலும் ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்து 1970களில் வயலுக்கு வந்த பயிர் அது, கடுகுக் குடும்பம்.

சொல்லிவைத்தாற்போல் கடுகுதான் வேலைத்தளத்தில் எனக்குப் பாடம் எடுத்தது. இங்கே வேலைத்தள விருந்துகளில் ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுபோய், அதன் முன்னால் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதி வைப்பது வழக்கம். கச்சான் ஒவ்வாமை பற்றிப் புதிதாக வந்தவருக்கும் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். ஆனால் கனடாவில் பொதியுணவில் கட்டாயம் குறிப்பிடவேண்டிய ஒவ்வாமைப் பொருட்களில் முட்டை, மீன், கோதுமையோடு கடுகும் இருக்கிறது. உலகச் சந்தைக்குக் கடுகு ஏற்றுமதி செய்யும் பெரிய நாடுகளில் ஒன்று, உள்ளூரில் அதற்கு எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுகிறது! தாளிதத்தில் கடுகு வெடிக்காமல் எந்தக் கிழங்குக் கறியை நாம் இறக்கினோம்? இப்போது வேலைத்தளத்துக்குக் கொண்டுபோகும் பற்றீஸில் பெருஞ்சீரகம் மட்டும் போடுகிறேன். குறை தெரிவதில்லை என்று சொல்வேன். மாமிக்குத் தெரியும்.

சீட்டு எழுதுவதைவிடப் பெரிய வேலை, தின்கிறவர்களைப் பிரித்துவைப்பது. மாட்டிறைச்சி தொடாதவர், பன்றியிறைச்சி தொடாதவர், ஹலால் மட்டும் உண்பவர், முட்டையும் ஆகாத குஜராத்திக்காரர், வெள்ளிக்கிழமை மட்டும் சைவமாகும் நம்மவர். மீனும் மரக்கறியும் என்று இரண்டு வகை சுட்டால் பெரும்பாலானவர்களுக்குப் பதில் கிடைத்துவிடும். முட்டை ஆகாதவர்களுக்கு மாவில் மஞ்சட்கருவை விட்டு, ஓரத்தைத் தண்ணீரால் ஒட்டிக் கொஞ்சம் தனியே. அடையாளத்துக்கு மாமியின் முறை: மீனுக்கு முள்ளுக்கரண்டி அழுத்து, மரக்கறிக்கு விரலால் முறுக்கிய ஓரம். மரக்கறிப் பற்றீஸை முதலில், புது எண்ணெயில் பொரித்து இறக்கவேண்டும், மீன் பிறகு. மாற்றிப் பொரித்துவிட்டு யாருக்கும் தெரியாது என்று பரிமாறுகிற வீடுகள் இருக்கின்றன. அந்த வீடுகளில் நான் தேத்தண்ணீரோடு நிறுத்திக்கொள்வேன்.

சாப்பாட்டறையில் அதை யாரும் அந்நியப் பண்டமாகப் பார்த்ததில்லை. பிலிப்பைன்ஸ்காரர் தங்கள் எம்பனாடா என்றார், ஜமேய்க்காக்காரர் தங்கள் நாட்டுப் ‘பற்றி’ என்ற பண்டம் மஞ்சளாக இருக்கும் என்றார், பஞ்சாபிப் பெண் சமோசாவின் தங்கை என்றார். தக்காளிச் சோஸ் எங்கே என்று கேட்டவர் மட்டும் கனடாவில் பிறந்த நம் தமிழ்ப் பையன்.

கோடை வந்தால் அளவு மாறிவிடும். ஜூலையும் ஓகஸ்ரும் பூங்காக்களில் பழைய மாணவர் சங்கங்களின் ஒன்றுகூடல் மாதங்கள். ஜனவரியில் தமிழ் மரபுத் திங்கள் விழாக்கள் போல. நூற்றுக்கணக்கில் வேண்டும் என்றால் ஸ்காபரோவிலோ மார்க்கம் நகரிலோ ஓடர் கொடுப்பதுதான் புத்தி, அதில் வெட்கம் இல்லை. ஆனால் ஓடர் கொடுத்த பற்றீஸில் கிழங்கு மிகும், மீன் தேடவேண்டும் என்பது பொதுவான முறைப்பாடு. அதனால் எங்கள் வீட்டில் மே மாதமே தொடங்கிவிடுவோம். மடித்த பற்றீஸைப் பொரிக்காமல், ஒன்றையொன்று தொடாதபடி தட்டில் பரப்பி உறையவைத்து, கல்லானதும் பையில் போட்டால் மூன்று மாதம் தாராளமாக இருக்கும். இளகவிடாமல் அப்படியே எண்ணெயில் போடவேண்டும், சற்றுக் குறைந்த சூட்டில், ஒரு தடவைக்கு ஐந்தாறு மட்டும். இளகவிட்டால் அடிப்பக்கம் நனைந்து தட்டோடு ஒட்டிவிடும்.

ஓவனில் சுடலாமா என்று கேட்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். கொலஸ்திரோல் எல்லாருக்கும் வந்துவிட்டது. சுடலாம். மேலே முட்டை பூசி 200 பாகையில் 20 நிமிடம். பார்வைக்கு அழகாக வரும், நாலு பேர் பாராட்டுவார்கள், தட்டில் நாலு மிஞ்சும்.