நெல் அறைக் கதவும் பரண் பலகையும்

பண்ருட்டிப் பக்கத்தில் இருந்த தாத்தா வீட்டைப் போன சித்திரையில் பிரித்தோம். கூரை ஓடுகளையும் கைமரங்களையும் பெரியப்பா எடுத்துக்கொண்டார். நான் கேட்டது நெல் அறையின் பலாக் கதவை மட்டும்தான். நாலு பலகை. உள்பக்கம் முழுக்கத் தாத்தா கத்தி முனையால் கீறிய கோடுகள்: எந்த வண்டியில் எத்தனை பலாப்பழம் ஏற்றினோம் என்ற கணக்கு. நாலு கோடு நெட்டாக, ஐந்தாவது குறுக்கே. கூடவே பரணில் இருந்த ஆறு மாம்பலகைகளையும் வண்டியில் போட்டுக்கொண்டேன். அவை தாத்தா காலத்து மரம் இல்லை. பழைய பரண் இற்றுப்போனதால் நாலைந்து வருஷத்துக்கு முன்னால் அடித்தவை.

கடலூர் வீட்டுத் திண்ணையில் பத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டேன். அதுதான் தப்பு. ஒரு வாரத்தில் அடியில் மாவு கொட்டிக் கிடந்தது. விரலில் தேய்த்தால் மைதா போல வழுக்கியது. கதவுப் பலகைகளைத் திருப்பிப் பார்த்தால் ஓரமெல்லாம் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள். கதவு உளுத்துவிட்டது என்றே நம்பிவிட்டேன். ஊசியில் டர்பன்டைன் எடுத்து, ராத்திரி ராத்திரியாக ஒவ்வொரு ஓட்டையிலும் இறக்கினேன். இரண்டு வாரமாகியும் மாவு நிற்கவில்லை.

தெருக்கோடி ஆசாரிதான் வந்து பார்த்தார். "தம்பி, ஓட்டைய எண்ணாதீங்க. மாவு எதுலேருந்து விழுதுன்னு பாருங்க" என்றார். பலகைகளைப் பிரித்து, தனித்தனியாகச் செங்கல்மேல் வைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் கறுப்புச் சார்ட் பேப்பர் விரித்தோம். மூன்று நாள் காலையில் பார்த்தேன். மாவு விழுந்தது மாம்பலகைகளின் அடியில் மட்டும். பலாப் பலகைகளின் அடியில் தாள் கறுப்பாகவே இருந்தது.

அதன்பிறகுதான் ஓட்டைகளையே நிதானமாகப் பார்த்தேன். பலாவில் ஓட்டையின் விளிம்பு கறுத்து, உள்ளே ஒட்டடை அடைத்திருந்தது. அதுவும் ஓரத்தில் ஓடும் வெள்ளை மரத்தில் மட்டும். நடுவில் இருக்கும் கெட்டியான மஞ்சள் வைரத்தில் ஒன்றுகூட இல்லை. மரம் புதிதாக இருந்தபோது என்றைக்கோ தின்றுவிட்டுப் போன பூச்சி அது. மாம்பலகை ஓட்டைகளின் விளிம்போ இப்போதுதான் அறுத்த மரம் போல வெளுத்திருந்தது.

மரத்தை இப்படி உளுக்க வைப்பது ஒரு வண்டு. அது மரத்தின் நுண்துளைகளில் முட்டையிடும். புழு வெள்ளை மரத்தில் இருக்கும் மாவுச்சத்தைத் தின்று மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். வளர்ந்து வண்டானதும் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஆகவே ஓட்டை நம் கண்ணில் படும்போது அந்த வண்டு போயே போய்விட்டது. நான் டர்பன்டைன் ஊற்றியதெல்லாம் காலி வீட்டில்.

உள்ளே இருக்கும் புழுவுக்குச் சூடுதான் வழி. நான் வேலை பார்ப்பது ஏற்றுமதிச் சரக்கு கட்டும் இடத்தில். வெளிநாடு போகும் மரப் பேலட்டில் கோதுமைக் கதிர் முத்திரையும் ஹெச்.டி. என்ற எழுத்தும் இருந்தால், அந்த மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏறி 30 நிமிஷம் நின்றிருக்கிறது என்று அர்த்தம். அதையே மொட்டை மாடியில் செய்து பார்த்தேன். கறுப்பு பெயின்ட் அடித்த தகரம், சுற்றிலும் செங்கல், மேலே பழைய ஜன்னல் கண்ணாடி. பலகைகளுக்கு இடையே குச்சி வைத்து இடைவெளி விட்டேன். ஒரு பலகையின் பக்கவாட்டில் துளை போட்டு, தெர்மாமீட்டர் கம்பியை நடுமரம் வரை செருகினேன். அக்கினி நட்சத்திர வெயில். மதியம் ஒரு மணிக்கு 58 காட்டியது. மூன்று மணி வரை இறங்கவில்லை. காற்றின் சூட்டைப் பார்த்து ஏமாறக் கூடாது, மரத்துக்குள் ஏறும் சூடுதான் கணக்கு. மூன்று நாள் அப்படியே வைத்தேன்.

நெல்லுக்கு வைக்கும் விஷ மாத்திரையைப் பலகைகளோடு போட்டு மூடிவிடச் சொன்னார் ஒருவர். வீட்டில் அதைத் தொடவே கூடாது. அதிலிருந்து வரும் வாயு ஆளையே கொன்றுவிடும்.

சூடு இப்போது இருப்பதைக் கொல்லும். நாளைக்கு வரும் வண்டைத் தடுக்காது. அதற்கு வெங்காரம், அதாவது போராக்ஸ். பத்து லிட்டர் வெந்நீரில் 600 கிராம் வெங்காரமும் 400 கிராம் போரிக் பவுடரும் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, எல்லாப் பக்கமும் இரண்டு தடவை பூசினேன். வார்னிஷ் இருந்தால் சுரண்டிவிட்டுத்தான் பூச வேண்டும், இல்லாவிட்டால் மரம் குடிக்காது. மழை படும் இடத்துக்கு இது ஆகாது, கரைந்து போய்விடும்.

மாம்பலகைகளில் இரண்டு, உளியை வைத்ததுமே பொலபொலவென்று உதிர்ந்தன. அவற்றை வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டேன். மீதி நாலும் அலமாரித் தட்டுகளாகிவிட்டன.

பலாப் பலகைகளின் வெளிப்பக்கத்தை இழைத்தபோது மஞ்சள் அப்படியே எழுந்து வந்தது. இத்தனை வருஷம் கழித்தும்! உள்பக்கத்தில் இழைப்புளி படவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அங்கே வெங்காரத் தண்ணீரைத் துணியில் தொட்டு ஒற்றி எடுத்தேன். ஈரம் பட்டதும் கோடுகள் கறுத்துத் தெளிவாகத் தெரிந்தன. ஒரு வண்டிக்கு நாற்பத்து மூன்று பழம்.